பங்கர் கூரையில் கிடந்த தண்டவாளமும் எவராட் கல்த்ரொப்பும்

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் யாழ்தேவி நின்றுபோனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பின்வளவில் பங்கர் வெட்டினோம். சுன்னாகத்துக்கும் இணுவிலுக்கும் இடையில் ரயில் பாதையில் இருந்து இரண்டு காணி தள்ளி எங்கள் வீடு. ஊரில் எல்லோரும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். சிலிப்பர்கட்டைகளைக் குறுக்கே அடுக்கி, தண்டவாளத் துண்டுகளை மேலே போட்டு, அதன் மேல் மண்மூட்டை.

அப்பா ரயில்வேயில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதையைக் கழற்றி வருவதற்கு அவர் வரவில்லை. அயலவர்கள் கொண்டு வந்து போட்டபோது, முற்றத்தில் கிடந்த தண்டவாளத்தின் பக்கவாட்டில் புடைத்திருந்த எழுத்துகளைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்டவாளத்தை உருளைகளில் உருட்டிச் செய்யும்போதே செய்த ஆலை, ஆண்டு, ஒரு யார் நீளத்துக்கு எத்தனை இறாத்தல் என்பதெல்லாம் அதில் பதிந்துவிடும். மாரிகாலத்து இரவுகளில் பொம்பர் வந்து சுற்றும்போது அந்தப் பங்கருக்குள் இருந்துதான் எவராட் கல்த்ரொப் என்ற பெயரை முதலில் கேட்டேன். மேலே கிடக்கும் இரும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்று நான் பயத்தில் கேட்டதற்கு அப்பா சொன்ன பதில், பார்சி என்ற ஊரில் தொடங்கி ஒரு வெள்ளைக்காரப் பொறியியலாளரின் முழுக்கதையாக நீண்டது.

அந்த மனுசன் கிராமங்களுக்குச் சின்ன ரயில் ஓடவிட்டவர், பிறகு பரசூட் செய்தவர் என்று அப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. என்னைத் தூங்க வைக்கச் சொல்லும் கதை என்று நினைத்தேன். பரசூட் என்றால் எனக்கு 1987 ஜூன் 4ஆம் திகதிதான் நினைவு. அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் பரசூட்டில் போட்டன. அதற்குப் பின்னர், இரவை வெளிச்சமாக்கிக்கொண்டு மெதுவாக இறங்கும் பரா லைற். ரயிலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு தேடி வாசித்தபோது அப்பா சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் இருக்கவில்லை.

கல்த்ரொப் 1857ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி பிறந்தவர். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பக்கத்துக் கமக்காரக் குடும்பம். சகோதரர்களில் ஒருவரான சேர் கய் கல்த்ரொப் பின்னாளில் பிரித்தானியாவின் மிகப் பெரிய ரயில் கம்பனிகளில் ஒன்றான லண்டன் அன்ட் நோர்த் வெஸ்ரேர்னின் பொது முகாமையாளராக உயர்ந்தவர். எவராட் அந்த வழியில் போகவில்லை. ரொபேர்ட் ஸ்ரீவன்சன் கம்பனியில் தொழில் பழகி, 1874இல் குரூ என்ற இடத்தில் இருந்த ரயில் தொழிற்சாலைக்குப் போய், பிறகு கிரேட் வெஸ்ரேர்ன் ரயில்வேயில் சில காலம் இருந்து, 1882இல் கப்பலேறினார். பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயில் எஞ்சின் பரிசோதகர் வேலை.

அந்த வேலை அவரை மராட்டிய நாட்டின் உட்பகுதிகளுக்குக் கொண்டுபோனது. பூனாவில் இருந்து சோலாப்பூருக்குப் போகும் பெரும்பாதையில் பார்சி ரோட் என்றொரு நிலையம். பெயர்தான் பார்சி. உண்மையான பார்சி நகரம் அங்கிருந்து இருபது மைலுக்கு மேல் தள்ளி இருந்தது. பருத்தியும் தானியமும் விளையும் பகுதியின் சந்தை நகரம் அது. விளைந்ததெல்லாம் மாட்டுவண்டியில் வர வேண்டும். மழை பிடித்தால் கரிசல் மண் பாதையில் சில்லுப் புதையும். எங்களுக்கு இது புதிய விசயமில்லை. கிளிநொச்சியில் விளைந்த நெல்லை வெளியே கொண்டுபோக வழியில்லாமல் இருந்த காலம் தெரிந்தவர்களுக்கு, விளைச்சலுக்கும் சந்தைக்கும் நடுவில் இருபது மைல் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

பெரும்பாதையைப் பார்சி வரை நீட்டினால் கட்டுபடியாகாது. ஐந்தரை அடி அகலப் பாதை, கனத்த தண்டவாளம், பெரிய பாலங்கள். அந்தச் சந்தையின் வருமானத்தில் அத்தனை முதலையும் மீட்க முடியாது. அக்காலத்து வழக்கமான மாற்றுவழி, கைக்குக் கிடைத்த மலிவான தண்டவாளத்தைப் போட்டு, அதில் ஏதோ ஒரு குட்டி எஞ்சினை ஓடவிடுவது. அப்படிப்பட்ட பாதைகள் பல இருந்தன. பாரம் ஏற்றினால் தண்டவாளம் வளையும். பாரத்தைக் குறைத்தால் வருமானம் வராது.

கல்த்ரொப் கணக்கை மறுபக்கத்தில் இருந்து தொடங்கினார். தண்டவாளத்தை நசுக்குவது ரயிலின் மொத்தப் பாரமல்ல, ஒவ்வொரு அச்சும் அது நிற்கும் இடத்தில் கொடுக்கும் பாரம். அப்படியானால் ஓர் அச்சுக்கு 5 தொன் என்று எல்லை கட்டுவோம். எஞ்சின் ஆனாலும் சரி, சாமான் பெட்டி ஆனாலும் சரி, அந்த எல்லையைத் தாண்டக்கூடாது. ஆனால் எல்லாமே அந்த எல்லை வரைக்கும் வர வேண்டும். பாதி பாரத்தோடு ஓடும் பெட்டி வீண் செலவு. இந்தக் கணக்குப்படி ஒரு யாருக்கு 30 இறாத்தல் நிறையுள்ள மெல்லிய தண்டவாளம் போதும். பாதையின் அகலம் 2 அடி 6 அங்குலம்.

இந்த இடத்தில் எஞ்சினைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். நாங்கள் படங்களில் பார்க்கும் பெரிய நீராவி எஞ்சின்களுக்குப் பின்னால் ஒரு தனி வண்டி கொழுவியிருக்கும். அதில்தான் கரியும் தண்ணீரும். கிளைப்பாதைகளுக்குச் செய்யப்பட்ட சின்ன எஞ்சின்களில் அந்த வண்டி கிடையாது. கொதிகலனின் இரு பக்கமும் தண்ணீர்த் தாங்கி, சாரதி நிற்கும் இடத்துக்குப் பின்னால் கரிப்பெட்டி. எல்லாவற்றையும் எஞ்சின் தன் உடம்பிலேயே சுமக்கும். அதனால் தாங்கி எஞ்சின் என்பார்கள். இதில் இரண்டு நன்மை. முதலாவது, முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடலாம். கடைசி நிலையத்தில் எஞ்சினைத் திருப்ப வட்டமேடை தேவையில்லை. இரண்டாவது, தண்ணீரின் பாரம் இழுக்கும் சில்லுகளின் மேல் இருப்பதால் ஏற்றத்தில் சில்லு வழுக்காமல் பிடிக்கும். குறை என்னவென்றால் தண்ணீரும் கரியும் கொஞ்சம்தான் கொள்ளும். இருபது முப்பது மைல் கிளைப்பாதைக்கு அது ஒரு குறையே அல்ல.

அந்தக் கரிப்பெட்டிக்கு ரயில்வேக்காரர் வைத்திருக்கும் பெயரும் பங்கர்தான். பங்கருக்குள் இருந்து அப்பா இதைச் சொல்லித் தனியாகச் சிரித்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அம்மாவுக்குக் கோபம் வந்தது.

பார்சிப் பாதைக்கு லீட்ஸ் நகரத்துக் கிற்சன் கம்பனி கட்டிய எஞ்சின் இந்தக் கணக்கின் உருவம் என்றே சொல்லலாம். இழுக்கும் சில்லுகள் எட்டு, பின்னால் கரிப்பெட்டியின் கீழே சிறிய சில்லுகள் நான்கு. மொத்தம் ஆறு அச்சு. அச்சுக்கு 5 தொன் என்றால் முப்பது தொன் வரை வரலாம். யாருக்கு 30 இறாத்தல் தண்டவாளத்தில் முப்பது தொன் எஞ்சின் ஓடும் என்று முன்பு சொல்லியிருந்தால் பொறியியலாளர்கள் சிரித்திருப்பார்கள். பாரம் எறும்புக்கால்கள் மாதிரிப் பிரிந்து இறங்கியது. சாமான் பெட்டிகளும் அப்படித்தான். அழுத்திய உருக்குத் தகட்டில் சட்டம் செய்து, இரண்டு முனையிலும் நான்கு சில்லுப் பொகிகள் பூட்டி, தன் சொந்த நிறை குறைவாகவும் ஏற்றும் சாமான் அதிகமாகவும் இருக்கும்படி செய்தார்.

இந்த யோசனையை அவர் முன்வைத்தது 1880களின் பிற்பகுதியில். நிறைவேறியது 1895க்குப் பிறகு. இடையில் அரசாங்கத்தோடும் கம்பனியோடும் கடிதப் போக்குவரத்திலேயே வருடங்கள் கழிந்தன. அவர் வேலையை விட்டு இங்கிலாந்து திரும்பி, லிவர்பூலில் ஆலோசகப் பொறியியலாளராக இருந்துகொண்டு விடாமல் முயன்றார். 1895இல் லண்டனில் பார்சி லைற் ரயில்வே கம்பனி உருவானது. எஞ்சினையும் பெட்டிகளையும் இந்தியாவுக்கு அனுப்புவதற்கு முன் லீட்ஸ் அருகே நியூலே என்ற இடத்தில் ஒரு சோதனைப் பாதை போட்டார். கடும் வளைவும் கடும் ஏற்றமும் வேண்டுமென்றே வைத்து, பொறியியலாளர்களை அழைத்து வந்து ஓட்டிக் காட்டினார். காகிதத்தில் வாதாடிக் களைத்தவர் செய்யக்கூடிய காரியம் அது.

1897இல் பார்சிப் பாதை திறந்தது. 1906இல் மேற்கே பண்டரிபுரம் வரை போனது. பண்டரிபுரம் விட்டலர் கோவில் ஆடி ஏகாதசிக்கு மராட்டிய நாடே திரளும் தலம். நல்லூர்த் தேருக்கும் மடுத்திருவிழாவுக்கும் விசேட ரயில் விட்ட காலத்தை அறிந்த எங்கள் முதியவர்களுக்கு அந்தக் கூட்டத்தைக் கற்பனை செய்வது கடினமாக இராது. சந்தைக்காகத் தொடங்கிய பாதை யாத்திரிகர் பாதையும் ஆனது. 1911இல் கிழக்கே லாத்தூரையும், அவர் இறந்த 1927இல் மேற்கே மிரஜையும் எட்டியபோது மொத்த நீளம் 200 மைலைத் தாண்டியிருந்தது. இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகும் சில ஆண்டுகள் தனியார் கம்பனியாகவே ஓடி, 1954இல்தான் அரசின் கைக்கு வந்தது.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். பார்சிப் பாதை வெள்ளைக்காரனின் தர்மம் அல்ல. லண்டனில் பங்கு விற்று, லாபம் எதிர்பார்த்துப் போட்ட பாதை. கல்த்ரொப்பும் அப்படி ஒருபோதும் நடித்ததாகத் தெரியவில்லை. கிராமத்துப் பாதையும் தன் காலில் நிற்க வேண்டும், அப்படி நின்றால்தான் நாளைக்கும் ஓடும் என்பது அவர் எண்ணம்.

அப்பாவுக்கு இந்தக் கதை எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். அவர் இளவயதில் களனிவெளிப் பாதையில் சில காலம் வேலை செய்தார். கொழும்பில் இருந்து அவிசாவளைக்கு 1902இல் போட்ட பாதை அது. அதன் அகலமும் பார்சியைப் போலவே 2 அடி 6 அங்குலம். அதைக் கல்த்ரொப் போடவில்லை. ஆனால் அந்த அகலத்தில் உருப்படியான ரயில் ஓடும் என்று பார்சி காட்டிய சில ஆண்டுகளுக்குள் வந்த பாதை. அதில் ஓடியவையும் சார்ப் ஸ்ருவேர்ட் கம்பனி கட்டிய தாங்கி எஞ்சின்கள்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து போன இளைஞன் ஒருவன் அந்தச் சின்ன எஞ்சினை முதலில் பார்த்துவிட்டு விளையாட்டுச் சாமான் என்று நினைத்ததாகவும், இறப்பர் மூட்டைகளோடு மழையில் அது ஏறுவதைப் பார்த்த பிறகு அந்த நினைப்புப் போய்விட்டதாகவும் சொல்வார். அங்கே பழைய பொறியியல் சஞ்சிகைக் கட்டு ஒன்று கிடந்ததாம். இரவுக் கடமையில் அதைத்தான் வாசித்தாராம்.

பார்சியின் வெற்றி கல்த்ரொப்பை இங்கிலாந்திலும் பிரபலமாக்கியது. ஸ்ரஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் மானிஃபோல்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு சின்னப் பாதை போட அவரை அழைத்தார்கள். 1904 ஜூனில் திறந்தது. வாட்டர்ஹவுசஸ் என்ற கிராமத்தில் தொடங்கி ஹல்ம் என்ட் என்ற இன்னும் சிறிய கிராமத்தில் முடிந்தது. எட்டு மைலும் சொச்சமும். அதே 2 அடி 6 அங்குலம், அதே கிற்சன் கம்பனித் தாங்கி எஞ்சின்கள் இரண்டு. ஒன்றுக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். மற்றையதற்கு அங்கே நின்று வேலை செய்வித்த பொறியியலாளர் ஏர்லின் பெயர். மராட்டிய வெயிலுக்கு வரைந்த வடிவத்தின் சாயலிலேயே, முன்னால் பெரிய விளக்கோடு, இங்கிலாந்துப் பனிக்குள் அவை ஓடின. பயணிகள் பெட்டிக்கு இந்தியப் பாணியில் விறாந்தை கூட வைத்தார்கள்.

இந்தப் பாதையில் அவர் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. அகலப் பாதைச் சாமான் பெட்டியை இறக்காமல், ஏற்றாமல், அப்படியே தூக்கிச் சுமக்கும் தாழ்வான வண்டி. பிரித்தானியாவில் அது அங்கேதான் முதலில் வந்தது. இரண்டு பாதைகள் சந்திக்கும் இடத்தில் சாமானை மாற்றி ஏற்றுவதுதான் ஒடுங்கிய பாதையின் பெரிய சாபம். எங்கள் சனத்துக்கு இதுவும் தெரிந்ததுதான். ஓமந்தையில் ஒரு லொறியில் இருந்து இறக்கி, சோதனை முடித்து, இன்னொன்றில் ஏற்றிய வெங்காயம் எவ்வளவு அழுகியது என்று கணக்கு வைத்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே காரணம் வேறு, அதுவும் சரிதான்.

ஆனால் மானிஃபோல்ட் பாதை தோற்றது. எஞ்சினில் பிழையில்லை, பாதையிலும் இல்லை. கொண்டுபோக அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. பாலும் கோடைகால உல்லாசப் பயணிகளும்தான். லொறி வந்து பாலைக் கொண்டுபோகத் தொடங்க, 1934 மார்ச்சில் மூடினார்கள். எஞ்சின்களைச் சில வருடத்தில் உடைத்துப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். கல்த்ரொப் பெயர் தாங்கிய எஞ்சினும் போனது. பாதை இருந்த தடம் இப்போது நடைபாதை. ஒரே கை வரைந்த இரண்டு பாதைகளில் ஒன்று தழைக்க மற்றது கருகியதற்குப் பொறியியல் காரணம் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை. பார்சியில் சந்தையும் சனமும் ரயிலுக்காகக் காத்திருந்தார்கள்.

இந்த இடத்தோடு நின்றிருந்தால் அவர் வாழ்க்கை ரயில் பிரியர்களின் வட்டத்துக்குள் மட்டும் இருந்திருக்கும்.

1910 ஜூலை 12ஆம் திகதி இங்கிலாந்தின் போன்மவுத் நகரில் விமானக் கண்காட்சி ஒன்றில் சார்ள்ஸ் றோல்சின் விமானம் வால் முறிந்து விழுந்தது. றோல்ஸ் றோய்ஸ் என்ற பெயரில் வரும் அந்த றோல்ஸ்தான். மோட்டார் விமான விபத்தில் இறந்த முதல் பிரித்தானியர் அவர். கல்த்ரொப்புக்கு நண்பர். அப்போது கல்த்ரொப்புக்கு வயது 53. அந்த வயதில் மனுசர் ஓய்வூதியம் பற்றி யோசிப்பார்கள். இவர் விழும் மனிதனைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்.

பரசூட் அப்போது புதிய பொருள் அல்ல. பலூனில் இருந்து குதித்து வித்தை காட்டுபவர்கள் வைத்திருந்தார்கள். வேகமாக ஓடும் விமானத்தில் இருந்து குதித்தால் சீலை கயிற்றில் சிக்கும், அல்லது திடீரென விரிந்து கிழியும். கல்த்ரொப் பட்டுச் சீலையை ஒரு ஒழுங்கில் மடித்து, விமானத்தோடு இணைத்த ஒரு கூட்டுக்குள் வைத்தார். குதிப்பவரின் உடலில் பட்டி மட்டும். அவர் விழும்போது அவருடைய பாரமே சீலையை ஒழுங்காக வெளியே இழுத்து விரிக்கும். ரயிலில் செய்த அதே வேலைதான் என்று எனக்குப் படுகிறது. பாரம் எங்கே, எந்த வரிசையில், எந்தப் பொருளின் மேல் இறங்குகிறது என்ற கணக்கு. அதற்குக் காவல் தெய்வம் என்று பொருள்படும் கார்டியன் ஏஞ்சல் என்ற பெயரை வைத்தார்.

1914இல் பெரும்போர் வந்தது. 1917 ஜனவரியில் கப்டன் கொலற் என்ற விமானி ஓர்ஃபோர்ட்னஸ் சோதனை நிலையத்தில் இராணுவ விமானத்தில் இருந்து இதைக் கட்டிக்கொண்டு குதித்துப் பத்திரமாக இறங்கினார். அதே ஆண்டு, அண்டாட்டிக்காவுக்கு ஷக்கில்ரனோடு போய் வந்த ஓர்ட் லீஸ் லண்டன் டவர் பிரிட்ஜின் உச்சியில் இருந்து தேம்ஸ் ஆற்றுக்குள் குதித்துக் காட்டினார். அவ்வளவு தாழ்வான உயரத்திலும் விரியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் பிரித்தானிய விமானிகளுக்குப் பரசூட் கொடுக்கப்படவில்லை. பலூனில் நின்று எதிரியின் நிலையைப் பார்ப்பவர்களுக்கு இருந்தது. விமானத்தில் இருந்து எதிரி எல்லைக்குள் ஒற்றர்களை இறக்க இதே கார்டியன் ஏஞ்சலைப் பயன்படுத்தினார்கள். விமானிக்கு மட்டும் இல்லை. அன்றைய விமானம் மரமும் சீலையும் பெற்றோலும். தீப்பிடித்தால் விமானிக்கு இரண்டே தெரிவு, எரிவது அல்லது குதிப்பது.

மறுத்தவர்களுக்குச் சொல்லக் காரணம் இருந்தது என்பதையும் எழுத வேண்டும். கார்டியன் ஏஞ்சல் பாரமானது, இடம் பிடிப்பது. சின்ன ஒற்றையாள் விமானத்தின் வேகத்தையும் ஏறும் உயரத்தையும் அது குறைக்கும். விமானம் சுழன்றுகொண்டு விழுந்தால் கயிறு சுற்றிக்கொள்ளும் ஆபத்தும் இருந்தது. இவை பொறியியல் காரணங்கள், திருத்தக்கூடியவை. ஆனால் மேலிடத்தில் இன்னொரு எண்ணமும் இருந்தது. கையில் பரசூட் இருந்தால் விமானி சண்டையை விட்டுச் சீக்கிரம் குதித்துவிடுவான், காப்பாற்றக்கூடிய விமானம் வீணாகிவிடும் என்ற எண்ணம். கல்த்ரொப் அறுபது வயதில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கைப்பணத்தைக் கரைத்து மோதியது இந்த எண்ணத்தோடுதான்.

இதை வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மேசையில் இருப்பவர்கள் ஓர் உயிரையும் ஓர் இயந்திரத்தையும் தராசில் வைத்து எது கனம் என்று பார்க்கும் கதையை எங்கள் பிள்ளைகளை வைத்து நாங்கள் பார்த்திருக்கிறோம். எந்தப் பக்கத்து மேசை என்று இங்கே நான் எழுதத் தேவையில்லை. வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை நினைவுக்கு வரும்.

1918இல் ஜேர்மன் விமானிகளுக்கு அவர்களுடைய பரசூட் கிடைக்கத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் ஏர்ன்ஸ்ற் உடெற் என்ற பிரபல ஜேர்மன் விமானி சுடப்பட்ட விமானத்தில் இருந்து குதித்து உயிர் தப்பினார். அதன் பிறகுதான், போரின் கடைசி மாதங்களில், பிரித்தானிய மேலிடம் இறங்கி வந்தது. பரசூட் பரவலாகக் கைக்கு வருவதற்குள் நவம்பர் வந்து போரும் முடிந்தது. முதலில் குதித்துக் காட்டிய கொலற் 1917 டிசம்பரில், கைப்பற்றிய ஜேர்மன் விமானம் ஒன்றை ஸ்கொட்லாந்துக் கரையோரம் ஓட்டிப் பார்க்கும்போது விழுந்து இறந்துபோயிருந்தார். 1919 பெப்ரவரியில் சகோதரர் சேர் கய் கல்த்ரொப்பை அந்த ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய இன்ஃபுளுவென்சா கொண்டுபோனது.

போருக்குப் பிறகும் கல்த்ரொப்புக்குக் காலம் திரும்பவில்லை. முதுகில் கட்டி, தானே கயிற்றை இழுத்து விரிக்கும் அமெரிக்க வகைப் பரசூட் வந்தது. அது அவருடையதை விட நல்லது என்பதை மறுப்பதற்கில்லை. 1920களின் நடுப்பகுதியில் பிரித்தானிய விமானப்படை அதைத்தான் எடுத்துக்கொண்டது. முதல் கதவைத் தட்டியவருக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை.

அவருக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. எசெக்ஸில் லௌற்றன் என்ற இடத்தில் அரபுக் குதிரைகள் வளர்த்தார். அடித்துப் பழக்காமல், நட்பாகப் பழக்குவது எப்படி என்று 1920இல் ஒரு புத்தகமும் எழுதினார். எஞ்சினையும் பரசூட்டையும் பற்றி எழுதுபவர்கள் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. சுமக்கும் ஒன்றின் சக்தி எவ்வளவு என்று முதலில் பார்ப்பதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் பழக்கம். தண்டவாளமும் குதிரையும் அதில் ஒன்றுதான்.

1927 மார்ச் 30ஆம் திகதி லண்டனில் இறந்தார். வயது 70.

பார்சிப் பாதையை இந்திய ரயில்வே கட்டம் கட்டமாக அகலப் பாதையாக மாற்றிவிட்டது. பண்டரிபுரத்துக்கு இப்போது பெரிய ரயில் போகிறது. களனிவெளிப் பாதையும் 1990களில் அகலமானது. அப்பாவுக்கு அந்தச் செய்தி நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் எட்டியது. வடக்கில் கிடந்த பாதை பங்கர் பங்கராகப் போய்க்கொண்டிருக்க, தெற்கில் நல்லாய் ஓடிய பாதையைக் கழற்றிப் பெருப்பிக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். கோபமா கவலையா என்று பிரித்தறிய முடியவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நடந்தபோது நாங்களும் நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக் கூரையில்லை. பங்கர் இருந்தது. மண்மூட்டைகள் உக்கி, சிலிப்பர்கட்டைகள் கறையான் அரித்துப் போயிருக்க, தண்டவாளங்கள் அப்படியே கிடந்தன. பங்கரை மூடும்போது இரண்டு துண்டை அப்பா ஒதுக்கி வைக்கச் சொன்னார். ஒன்றைப் பின்னாளில் பாதை வேலைக்காரர் வந்தால் கொடுக்க வேண்டும் என்றார். அவர்கள் அந்தத் துண்டைக் கேட்டு வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும்.

2003இல் அப்பா காலமானார். 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் வந்த அன்று, நானும் அக்காவும் நிலையத்துக்குப் போய்ச் சனத்துக்குள் நின்று பார்த்தோம். புதுத் தண்டவாளம், கொங்கிரீட் சிலிப்பர். அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனபோது எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. இருபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு வீட்டுச் சுவர் அதிர்ந்தது.

ஒதுக்கி வைத்த இரண்டு துண்டில் ஒன்று இப்போது எங்கள் கிணற்றின் குறுக்குச் சட்டம். கப்பி அதில்தான் தொங்குகிறது. மற்றையது தென்னைக்குக் கீழே கிடக்கிறது. மழை கழுவிய நாட்களில் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளை இன்னும் வாசிக்கலாம்.